கண்டக்டருக்குக் கற்பித்த பாடம்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதி கிழித்திருப்பாய். மீதியைக் கிழிப்பதற்குள் படித்துவிடு. எனக்காக எழுதவில்லை, கண்டக்டருக்காக எழுதுகிறேன்.

அவனை இங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை. உன் அண்ணன் போன பிறகு மலையை விட்டு இறங்கி இந்த ஊருக்கு வந்தபோது, நாய்தானே, கூட இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நான் இருப்பது தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. கட்டிலுக்கும் துணி மூட்டைக்கும் நடுவில் அவன் புரண்டு படுக்க வேண்டும் என்றால் நான் எழுந்து நிற்க வேண்டும். மேடு மேடாகச் சுற்றிப் பழகின கால் அது. இங்கே மாடிப்படி ஏறி இறங்குவதுதான் அவனுக்கு மேய்ச்சல்.

இடம் போதாததுகூடப் பெரிதில்லை. அவனுக்கு வேலை இல்லை. ஆடு இல்லாத காவல் நாய் சும்மா இருக்காது என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. கடையை ஒட்டின கீழ் வீடு, எதிர் வீடு என்று இந்தத் தெருப் பிள்ளைகளை எல்லாம் தன் ஆடாகச் சேர்த்துக்கொண்டான். சாயங்காலம் அதுகள் விளையாடி முடித்து, கடைசிப் பிள்ளை உள்ளே போகும் வரை வாசலை விட்டு அசைய மாட்டான். மலையில் கடைசி ஆடு பட்டிக்குள் ஏறும் வரை நிற்பான் என்றுதானே உன் அண்ணன் அவனுக்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரர் ரோட்டில் நின்றே கடிதத்தை எறிய ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

போன வாரம் கீழ் வீட்டுக்காரர் தன் மகனை அடிக்கக் கை ஓங்கினார். சொந்த மகன்தான், கண்டக்டருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா. ஒரே பாய்ச்சல். கடிக்கவில்லை, தள்ளிவிட்டு நெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டான். அவருக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது. புகார் எழுதிக் கொடுத்தார். நகராட்சியிலிருந்து ஆள் வந்தது. "முதல் தடவைங்கறதால விட்டுட்டுப் போறோம். மாசக் கடைசிக்குள்ள இத வேற எங்கயாவது அனுப்பிடுங்க. இன்னொரு தடவ மனுஷன் மேல பாஞ்சா ஊசி போட்டு முடிச்சிடுவோம், அப்பறம் எங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

உன்னிடம் மேடு இருக்கிறது, ஆடு இருக்கிறது. நம் இரண்டு பேருக்குள் இருப்பதைத் தூக்கி அவன் தலையில் போடாதே. அவனை எடுத்துக்கொள்.

அண்ணி

ஜனவரி 17

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பிரித்துப் படித்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் அப்பா காலத்து ஆடு, அண்ணன் பெருக்கின ஆடு, அத்தனையையும் கறிக்கடைக்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்தீர்கள். "சின்னவளே, உனக்கு வேணுமா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரி எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது. பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆடுகள் கம்பிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே போனதை நான் நின்று பார்த்தேன். அன்றைக்கு ஞாபகம் வராத நாத்தனார் இன்றைக்கு எப்படி வந்தாள்? நாயை எடை போட மாட்டேன் என்று கறிக்கடைக்காரன் சொல்லிவிட்டானா?

அதைக்கூட ஒரு நாள் மறப்பேன். அண்ணன் மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று முதலில் ஓடினது நான். நீங்கள் தைத்த துணியைக் கொடுக்க ஊருக்குப் போயிருந்தீர்கள். உங்கள் நாய் அண்ணன் மேல் காலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கூடப் பிறந்தவள் நான். கல்லால் அடித்துப் பார்த்தேன், அழுது பார்த்தேன். அண்ணனுக்கு உயிர் இருந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. சாயங்காலம் நீங்கள் வந்து "கண்டக்டர், வா" என்று ஒரு குரல் கொடுத்தீர்கள். வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது. நான் தொடும்போது அண்ணன் விறைத்துப் போயிருந்தார்.

சரி, எடுத்துக்கொள்கிறேன். பாசம் பொங்கி வழிந்து இல்லை. இந்தப் பக்கம் நரி அதிகமாகிவிட்டது, எனக்குக் காவல் வேண்டும். ஆனால் நீங்கள் கூட வரக் கூடாது. பின்னாலும் வரக் கூடாது. போன் செய்யக் கூடாது, உங்கள் குரலே அதன் காதில் விழக் கூடாது. காவல் நாய்க்கு ஆடுதான் சொந்தம், மனுஷ வாசனை ஏறினால் ஆட்டை விட்டுவிடும். இது என் பிடிவாதம் இல்லை, எங்கள் அப்பா நாய் வளர்த்த முறை. நீங்கள் தடவி, கொஞ்சி, பக்கத்தில் படுக்கப் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். அதை நான்தான் சரி செய்ய வேண்டும்.

சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை தீவன லாரி அந்தப் பக்கம் வரும். ஏற்றி அனுப்புங்கள்.

சின்னவள்

ஜனவரி 24

சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தையும் லாரிக்காரரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

தானாக ஏற மாட்டேன் என்றான். நான் ஏறி மூட்டை மேல் உட்கார்ந்த பிறகுதான் ஏறினான். என் காலடியில் தலையை வைத்துப் படுத்ததும், அந்தப் பக்கமாக இறங்கிக் கதவைப் போட்டுவிட்டேன். ஏமாற்றித்தான் அனுப்பினேன். லாரி திரும்பும் வரை பலகை இடுக்கு வழியாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டை ஏன் உன்னிடம் கேட்கவில்லை என்கிறாய். அடக்கம் முடிந்து வந்த கையோடு, நடு வீட்டில் நின்றுகொண்டு, வந்தவர்கள் அத்தனை பேர் காதும் கேட்க நீ என்ன சொன்னாய்? "கட்டின புருஷன மேட்டுல தனியா சாக விட்டுட்டு ஊர் சுத்தப் போனவ" என்றாய். அப்படிச் சொன்ன வாயிடம் போய் ஆடு வேணுமா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கறிக்கடைக்காரன் என்னிடம் மரியாதையாகப் பேசினான். அவ்வளவுதான்.

அவனுக்கு இடது காதுக்குள் புண் வரும், வாரம் ஒரு தடவை பார். தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட மாட்டான். இடி இடித்தால் பயப்படுவான். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வெட்கமே இல்லாமல் நடுங்குவான், அப்போது மட்டும் சிரிக்காதே.

கூடவே என் பழுப்பு ஸ்வெட்டரை வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை. புது இடத்தில் முதல் சில நாள் அதன் மேல் படுக்க விடு, தூங்கிவிடுவான். மற்றபடி நீ சொன்னது எல்லாவற்றுக்கும் சம்மதம். வர மாட்டேன்.

அண்ணி

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

நாய் வந்து சேர்ந்தது. வழி முழுக்க ஊளையிட்டதாம். "இனிமே நாய் ஏத்தற வேலையெல்லாம் என்கிட்ட வச்சுக்காதீங்கக்கா, என் சாவுக்கே யாரும் இப்படி அழ மாட்டாங்க" என்று லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றும் சரியாக இல்லை. பட்டி மூலையில் உங்கள் ஸ்வெட்டரைப் போட்டு அதன் மேல் படுத்தது படுத்ததுதான். ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பினால் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒரு கிழட்டு ஆடு போய் ஸ்வெட்டரை முகர்ந்தது, அதைப் பார்த்து உறுமுகிறது. காவல் நாய் ஆட்டைப் பார்த்து உறுமுவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஆட்டுக்குக் காவலாக வந்தது, உங்கள் ஸ்வெட்டருக்குக் காவல் இருக்கிறது.

இரண்டு தடவை வேலியைத் தாண்டி ஓடி, லாரி வரும் வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது. அது அங்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நரி இரண்டு குட்டிகளைத் தூக்கிவிட்டது. பால் குடிக்கிற குட்டிகள். என் வீட்டுக்காரர், "இது தேறாது, டாக்டரக் கூப்ட்டு ஊசியப் போட்ரலாம்" என்கிறார். சாப்பாடும் சரியாக எடுப்பதில்லை, முதுகெலும்பு தெரிகிறது.

பாசம் என்று நினைத்து ஒரு துணியை வைத்து அனுப்பினீர்கள். அதுதான் இப்போது இதைக் கொல்லப் பார்க்கிறது. எனக்கு ஒரு வழி தெரியும். அதையும் செய்து பார்க்கிறேன், சரிவராவிட்டால் அவர் சொல்கிறபடிதான்.

சின்னவள்

பிப்ரவரி 28

சின்னவளுக்கு,

ஒரே ஒரு நாள் வருகிறேன். பட்டிப் பக்கம்கூட வரவில்லை. மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று "சாப்பிடுடா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அவன் என் பேச்சைக் கேட்பான்.

கூடாது என்றால் வரவில்லை. ஸ்வெட்டரைப் பிடுங்கிப் போட வேண்டும் என்றால் போடு. கட்டிப் போட்டாலும் சரி. ஊசி மட்டும் வேண்டாம். இந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை, அவன் படுத்த இடத்தில் இன்னும் மயிர் உதிர்ந்து கிடக்கிறது, கூட்ட மனசு வரவில்லை. கெஞ்சுகிறேன். என் கையெழுத்தில் இந்த வார்த்தையை நீ பார்த்திருக்க மாட்டாய், வேண்டுமானால் வெட்டி எடுத்து வைத்துக்கொள்.

அண்ணி

ஏப்ரல் 3

அண்ணிக்கு,

ஊசி போடவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறது. ஆட்டோடு போகிறது, ஆட்டோடு வருகிறது. இரண்டு வாரமாக நரி ஒரு குட்டியைக்கூடத் தொடவில்லை. காதுப் புண் ஆறிவிட்டது.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் உங்களுக்கு நல்லதில்லை. மிரட்டுகிறேன் என்று நினைத்தாலும் சரி, எச்சரிக்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

சின்னவள்

ஏப்ரல் 21

சின்னவளுக்கு,

நீ நல்ல சேதி எழுதினாலும் அதில் ஒரு முள் வைக்காமல் இருக்க மாட்டாய். பரவாயில்லை. அவன் சாப்பிடுகிறான் என்ற வரியை மட்டும் பல தடவை படித்தேன்.

இப்போது என் சேதி. எங்கள் தையல் கடைக்கு நாற்காலி, மேசை செய்து கொடுத்த மரக்கடைக்காரர், ஊர் எல்லையில் பெரிய மர டிப்போ போட்டிருக்கிறார். சுற்றிலும் சுவர், உள்ளே ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம், அவ்வளவு மைதானம். பின்னால் குடித்தனம் இருக்க ஒரு வீடு. அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். "நாய் இருந்தா இன்னும் நல்லதும்மா" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளாத குறைதான். தையலை அங்கே கொண்டுபோயே செய்யலாம். கீழ் வீட்டுக்காரர் கிடையாது, படி கிடையாது.

கண்டக்டரைத் திருப்பிக் கொடு. நீ செய்த உபகாரத்தை மறக்க மாட்டேன், உனக்கு வேறு ஒரு குட்டி நாய் வாங்கித் தருகிறேன், நீயே உன் அப்பா முறையில் வளர்த்துக்கொள். அடுத்த மாதம் மரக்கடை வேனோடு வருகிறேன். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் எனக்கு மனசு நிறைந்திருக்கிறது, அதனால் சண்டை போடாமல் எழுதுகிறேன்.

அண்ணி

மே 2

அண்ணிக்கு,

தர முடியாது. தந்தாலும் உங்களால் எடுத்துப் போக முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று பேச்சு வரக் கூடாது.

எங்கள் அப்பா காலத்தில் ஒரே திருடன் திரும்பத் திரும்பப் பட்டிக்கு வந்தால், எப்படியாவது அவன் துணி ஒன்றைத் தேடி எடுத்துவிடுவார். நாய்க்குப் பழக்கமில்லாத ஆள் ஒருவரை அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, நாய் பார்க்கும்போதே பட்டிக்குள் விட்டு, ஒரு குட்டியைக் காலைப் பிடித்து இழுக்கச் சொல்வார். குட்டி கத்தும், நாய் பாயும். அடுத்த வாரம் வேறு ஆள், அதே துணி. ஆள் மாற வேண்டும், வாசனை மாறக் கூடாது. நாலைந்து தடவை ஆனதும் யார் வந்தார் என்பது நாய்க்கு முக்கியமில்லை, அந்த வாசனைதான் திருடன் என்று பதிந்துவிடும். பிறகு அந்தத் திருடன் எந்த வேஷத்தில் வந்தாலும் சதை போகும்.

உங்கள் ஸ்வெட்டர் தானாக என் கைக்கு வந்தது.

முதலில் வேலி போட வந்த ஆள் போட்டுக்கொண்டார். கை இரண்டும் முழங்கையோடு நின்றுவிட்டது, பார்க்கச் சிரிப்பாக இருந்தது. உங்கள் நாய் என்ன செய்தது தெரியுமா? வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டது. அவர் குட்டியின் காலைப் பிடித்து இழுத்தார். அது அலறினது. நாய் அப்படியே நின்றுவிட்டது. குட்டியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, திரும்பவும் குட்டியைப் பார்த்தது. பாயவில்லை. கீழே உட்கார்ந்து முனகினது.

இரண்டாவது ஆளுக்கும் வால் ஆடினது, கொஞ்சமாக. மூன்றாவது ஆளுக்கு ஆடவில்லை. நாலாவது ஆளை வேலி மேல் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இப்போது கொடியில் அந்த ஸ்வெட்டர் தொங்கினாலே குரைக்கிறது. நாலாவது ஆள் வந்த அன்றிலிருந்துதான் ஆட்டோடு ஒட்டிக்கொண்டது, அன்றிலிருந்துதான் சாப்பிட்டது. நான் செய்யாமல் இருந்திருந்தால் ஊசிதான். அப்படிப் பார்த்தால் அதன் உயிரைக் காப்பாற்றினவள் நான்.

அதற்காக மட்டும் செய்தேன் என்று பொய் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. என் அண்ணனை நான் தொடுவதற்கு உங்கள் குரல் வர வேண்டியிருந்தது. இப்போது உங்கள் நாயை நீங்கள் தொட, யார் குரல் கொடுப்பார்கள் என்று பார்க்கலாம்.

சின்னவள்

மே 9

சின்னவளுக்கு,

நீ பொய் சொல்கிறாய். என்னை வரவிடாமல் செய்ய இதைவிட அசிங்கமாக ஒன்றை யோசிக்க உனக்குத் தெரியவில்லை.

பொய்யோ நிஜமோ, வால் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான் என்ற இடத்துக்கு மேல் இரண்டு நாள் என்னால் படிக்க முடியவில்லை. உனக்கு அதை நின்று பார்க்க முடிந்திருக்கிறது.

ஸ்வெட்டர் நான் ஆகிவிடுமா? அந்த நாலு பேருக்கு என் குரல் இருந்ததா, என் நடை இருந்ததா? நான் கையால் பால் ஊட்டி வளர்த்த நாய் அவன். இந்த ஞாயிற்றுக்கிழமை மரக்கடை வேனில் வருகிறேன். கூப்பிடுவேன். வந்தால் அவன் எனக்கு. வராவிட்டால் உனக்கு. வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார், உனக்குத்தான் அது பழக்கமாயிற்றே.

அண்ணி

மே 18

அண்ணிக்கு,

கை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் தூங்கவில்லை. நீங்கள் வேலியைத் திறந்து உள்ளே வந்து "கண்டக்டர், வா" என்றபோது அவன் காது நிமிர்ந்தது. வாலும் ஒரு தடவை அசைந்தது. குரல் அவனுக்குத் தெரிந்தது அண்ணி, நான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வயிறு எரிந்தது, தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு காற்று உங்கள் பக்கமிருந்து வீசினது. நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சத்தமும் போட்டேன். அவன் நிற்கவில்லை.

அவன் வாயிலிருந்து உங்கள் கையை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து பிரித்தோம். அப்போதும் நீங்கள் அவனைப் பார்த்து "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அது என் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆடு மேய்க்கும்போது கேட்கிறது, பாத்திரம் கழுவும்போது கேட்கிறது. பழி வாங்கினால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் யாருடைய நாய் என்று கேட்டிருப்பார்கள். வளர்ப்பு நாய் என்றால் விசாரிக்க ஆள் வரும். அவன் பேரில் ஏற்கெனவே ஒரு புகார் இருக்கிறது, இது இரண்டாவது என்று தெரிந்தால் முடித்துவிடுவார்கள். இன்று வரை யாரும் வரவில்லை. தினமும் வளைவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்க எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் சொல்லிவிடாதீர்கள். அவன்மேல் தப்பு இல்லை.

இன்னொன்று. பதிந்ததை அழிக்கவும் முடியும். அந்த ஸ்வெட்டரை எரித்துவிட்டேன். பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்காவிட்டால், அடுத்த குட்டிகள் பிறக்கும் பருவத்துக்குள் திருடன் வாசனை மறந்துபோகும், பழையது மேலே வந்துவிடும். கை ஆறினதும் வந்து இங்கே தங்குங்கள். தினமும் தூரத்தில் உட்கார்ந்து பழக்கலாம். பிறகு நானே அவனை லாரியில் ஏற்றி உங்கள் மர டிப்போவில் கொண்டுவந்து விடுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

சின்னவள்

ஜூன் 6

சின்னவளுக்கு,

வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், நிதானமாகப் படி.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "தெருநாய்" என்றேன். "எந்தத் தெரு?" என்றாள் நர்ஸ். "அது எல்லாத் தெருவுலயும் சுத்தும்மா" என்றேன். நாயைப் பிடித்துப் பார்க்க வழியில்லை என்றால் ஊசி எல்லாவற்றையும் போட்டே ஆக வேண்டுமாம், சிலவற்றைக் காயத்துக்குள்ளேயே குத்தினார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் எத்தனை விரிசல் என்று எனக்கு மனப்பாடம். கட்டைவிரலும் அடுத்த விரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடங்காத விரலை வைத்துக்கொண்டு துணியைத் தள்ளித் தைக்க முடியாது. கடையில் இப்போது எனக்கு வெட்டுத்துணி கூட்டி அள்ளுகிற வேலை. அதனால் வளைவைப் பார்ப்பதை நிறுத்து. யாரும் வர மாட்டார்கள்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். ஒன்றை அவனுக்காகச் செய்துவிட்டேன். மன்னிப்பு என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

பழக்குகிறேன், திருப்பித் தருகிறேன் என்கிறாய். வேண்டாம். வேலியைத் திறப்பதற்கு முன்னால் பாறை ஓரமாக நின்று அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அது உனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் சேறு, காதில் முள், ஆட்டுக்கு மேலே மேட்டில் நின்றுகொண்டிருந்தான். என் வீட்டில் இருந்தவரை அவன் நாள் முழுக்க என் முகத்தைப் பார்த்து, இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அங்கே அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் மேல் பாய்ந்தபோதுகூட அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. அவனை மர டிப்போவுக்குக் கொண்டுவந்தால் பலகைக்குக் காவல் இருப்பான், திரும்பவும் என் முகத்தைப் பார்ப்பான். மரக்கடைக்காரரிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எனக்கு என்னைத் தெரியும். அவன் அந்த வாசனையை மறந்துவிட்டான் என்று காதில் விழுந்தால் போதும், முதல் பஸ்ஸில் வந்து நிற்பேன். கூப்பிடுவேன். ஆட்டை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிவருவான், நானும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். என்னால் தடுத்துக்கொள்ள முடியாது. அதனால் அவன் மறக்கக் கூடாது.

பாடத்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். நிறுத்த உனக்கு உரிமை இல்லை. மாதம் ஒரு தடவை செய். உன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளாதே, நீயே பக்கத்தில் நின்று கடைசி வரை பார். ஸ்வெட்டரை எரித்துவிட்டாய் என்பதால், அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஒரு கை கிழிந்து போயிருக்கிறது, அப்படியே இருக்கட்டும். துவைக்கவில்லை. ரத்தம் காய்ந்துவிட்டது, வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது.

நன்றாகக் கத்துகிற குட்டியாகப் பார்த்து இழுக்கச் சொல்.

அண்ணி